ஹைவே 33ல ஒரு பேர் பாத்தேன்... ரோட்டுக்கு போலீஸ்காரர் பேர் வெச்சா யாருக்கு என்ன?

டப்ளின்வாசி எழுதியது:

போன வாரம் எல்ஏல மச்சினன் வீட்டு கிரகப்பிரவேசம். கலிஃபோர்னியா டப்ளின்ல இருந்து 580 புடிச்சு ஐ-5ல எறங்கி நிம்மதியா போய்ட்டிருந்தோம், பாட்டர்சன் தாண்டினதும் மேப்ல ஒரே செவப்பு, முன்னாடி ஏதோ லாரி கவுந்திருச்சாம். கூகுளக்கா ஸ்டூர் ரோடுல எறங்கு, 33 வழியா நியூமேன், கஸ்டீன் போய் சான்டா நெல்லால மறுபடி ஏறுன்னு சொல்லிச்சு, சரின்னு எறங்கிட்டேன். 33 சேர்ற எடத்துல ஒரு போர்டு, "கார்ப்பரல் ரோனில் சிங் மெமோரியல் ஹைவே".

இந்த ஊர்ல இந்த மாதிரி போர்டு ஆயிரம் பாத்திருப்பேன், ஒண்ணையும் படிச்சதில்ல. ஆனா பின்சீட்ல இருந்து பொண்ணு "அப்பா, சிங்னு போட்டிருக்கு, நம்ம ஆளா?"ன்னு கேட்டா. தெரியலடான்னு சொல்லிட்டேன், எனக்கே ஒரு மாதிரி ஆயிருச்சு. சான்டா நெல்லால காபிக்கு நிறுத்தினப்ப தேடிப் பாத்தேன். நியூமேன் போலீஸ்ல வேல பாத்தவர், ஃபிஜில பொறந்தவர், 2018 டிசம்பர் 26 ராத்திரி ஒரு மணி வாக்குல ஒரு வண்டிய நிறுத்தி விசாரிக்கப் போனப்ப சுட்டுட்டாங்க. வயசு 33. கொழந்தைக்கு அப்ப 5 மாசம்.

எனக்கு ஒரு சந்தேகம், அதான் இழை ஆரம்பிச்சேன். ரோட்டுக்கு பேர் வெக்கறதால யாருக்கு என்ன பிரயோஜனம்? அந்த குடும்பத்துக்கா, ஊருக்கா, நம்மள மாதிரி 70 மைல்ல பறக்கறவனுக்கா?

---

பழையசோறு எழுதியது:

யாருக்கும் இல்ல. இதவிட சீப்பா ஒரு அரசாங்கம் நன்றி சொல்ல முடியாது. ரெண்டு தகரம், நாலு போல்ட், ஒரு எம்எல்ஏ ஃபோட்டோ, முடிஞ்சது கத.

---

மொடெஸ்டோ_அக்கா எழுதியது:

@பழையசோறு தம்பி, கொஞ்சம் நிதானமா பேசுங்க. நான் மொடெஸ்டோல 2009ல இருந்து இருக்கேன், அந்த வாரம் இங்கதான் இருந்தேன்.

கிறிஸ்துமஸ் மறுநாள் காலைல எழுந்தா ஃபோன்ல எல்லாம் இதே நியூஸ். நியூமேன்ங்கறது எங்க ஸ்டானிஸ்லாஸ் கவுன்டியோட மேக்கு ஓரத்துல இருக்கற சின்ன ஊர், மொத்தமே பத்து பன்னெண்டாயிரம் ஜனம். போலீஸ் டிபார்ட்மென்ட்டும் அதுக்கேத்த மாதிரி கையளவுதான். டூட்டில ஆள பறிகொடுத்தது அந்த டிபார்ட்மென்ட்டுக்கு அதுதான் மொத தடவ. குடிச்சிட்டு ஓட்டறான்னு சந்தேகப்பட்டு ஒரு வண்டிய நிறுத்தியிருக்கார், அவ்ளோதான். சுட்டவன் ஓடிட்டான், ரெண்டு நாள் கழிச்சு பேக்கர்ஸ்ஃபீல்டு பக்கம் புடிச்சாங்க. அந்த ரெண்டு நாளும் ஊர்ல எவனும் நிம்மதியா தூங்கல.

அப்பறம் அந்த ஃபோட்டோ. டூட்டிக்கு நடுவுல கிறிஸ்துமஸ்னு வீட்டுக்கு ஒரு எட்டு வந்து, மனைவி, கைக்கொழந்த, அவரோட போலீஸ் நாய் சாம், எல்லாரும் நிக்கற மாதிரி ஒண்ணு எடுத்திருந்தாங்க, பின்னாடி கிறிஸ்துமஸ் மரம். எடுத்து சில மணி நேரத்துல ஆள் இல்ல. அத டிவில திரும்பத் திரும்ப போட்டாங்க, ஒரு கட்டத்துல நான் டிவியவே அணைச்சிட்டேன். ஜனவரி 5 மொடெஸ்டோல சர்ச்சுல இறுதி அஞ்சலி, எங்கெங்கயோ இருந்தெல்லாம் போலீஸ் வண்டி வந்துச்சு. நான் ரோட்டோரமா நின்னேன். கைல கொடி புடிச்சிட்டு நின்னவங்கள்ல பாதிப் பேர் என்னை மாதிரி அவர நேர்ல பாத்தேயிருக்காதவங்க.

டப்ளின்வாசி, உங்க பொண்ணு கேள்விக்கு பதில்: ஆமா, ஒரு வகைல நம்ம ஆளுதான்.

---

கடலைமிட்டாய் எழுதியது:

சிங்னா பஞ்சாபிதான? ஃபிஜில எப்படி பஞ்சாபி?

---

மொடெஸ்டோ_அக்கா எழுதியது:

ஃபிஜில சிங்னா பஞ்சாபியாத்தான் இருக்கணும்னு இல்ல. 1879ல இருந்து 1916 வரைக்கும் கரும்புத் தோட்டத்துக்கு வெள்ளக்காரன் கப்பல் கப்பலா ஆள் கொண்டு போனான்ல, கிர்மிட்னு சொல்வாங்க, அவங்க வழி வந்த இந்தியருங்க. மொதல்ல கல்கத்தால இருந்து, 1903க்கு அப்பறம் நம்ம மெட்ராஸ்ல இருந்தும். நாடின்னு ஒரு ஊர், அங்க நம்ம ஊர் கோபுரத்தோட முருகன் கோயில் இருக்கு பாருங்க. மொடெஸ்டோ, சாக்ரமென்டோ, ஹேவர்டு இங்கெல்லாம் ஃபிஜி ஜனம் நெறைய. எங்க பக்கத்து வீட்டு ஆன்ட்டியும் ஃபிஜிதான், தமிழ் ஒரு வார்த்த வராது, ஆனா அவங்க பாட்டி பேரு முனியம்மா.

இவர் போலீஸ் ஆகணும்னே இந்த நாட்டுக்கு வந்தவர்னு அவரோட சீஃப் சொன்னார். எடுத்த எடுப்புல போலீஸ் வேல கெடைக்கல. டர்லக்ல அனிமல் கன்ட்ரோல்ல இருந்தார், அதாவது தெருநாய் புடிக்கற வேல. அப்பறம் 2011ல நியூமேன் போலீஸ்ல சேந்தார். இங்கிலீஷ் அவருக்கு மூணாவது பாஷயாம், உச்சரிப்ப சரி பண்றதுக்குன்னே ஸ்பீச் க்ளாஸ் போயிருக்கார். அத படிச்சப்பதான் எனக்கு தொண்ட அடைச்சது. நானும் இங்க வந்த புதுசுல ட்ரைவ்-த்ரூல ஆர்டர் சொல்லப் பயந்து உள்ள போய் மெனுவ கைகாட்டி வாங்கின ஆள்தான்.

---

பழையசோறு எழுதியது:

அக்கா, அந்த மனுஷன நான் கொறச்சு சொல்லல. போர்டத்தான் சொல்றேன். அதே 33ல தக்காளி லாரி ஓட்டறவன், பாதாம் பறிக்கப் போறவன், விடிகால வேன்ல போய் ஆக்சிடென்ட்ல சாகறவன், அவனுங்களுக்கு யார் போர்டு வெக்கறா? வரிப்பணத்துல ஒருத்தருக்கு மட்டும் ஏன்?

---

வெள்ளைக்கோடு எழுதியது:

வரிப்பணம் இல்லண்ணே. நான் ரோடு காண்ட்ராக்ட் பக்கம் வேல பாக்கறவன், கலிஃபோர்னியால இது எப்படி நடக்குதுன்னு சொல்றேன்.

ஹைவேக்கு பேர் வெக்க சட்டசபைல ரெண்டு அவையும் சேந்து தீர்மானம் போடணும், கவர்னர் கையெழுத்துகூட வேண்டாம். தீர்மானத்துல மொத பாதி முழுக்க அந்த ஆளோட வாழ்க்க இருக்கும், எங்க பொறந்தார், எங்க படிச்சார், எப்படி செத்தார், யார விட்டுட்டு போனார்னு பத்தி பத்தியா. கடைசில கால்ட்ரான்ஸுக்கு, அதாவது மாநில ரோட்டுத் துறைக்கு, ஒரு வரி: போர்டுக்கு என்ன செலவாகும்னு கணக்கு போடு, அரசாங்கம் அல்லாத எடத்துல இருந்து அந்தப் பணம் நன்கொடையா வந்தா மட்டும் போர்ட நடு. ஆக போர்டுக்கு காசு குடுக்கறது சொந்தக்காரங்க, கூட வேல செஞ்சவங்க, ஊர் ஜனம். சட்டசபை பேர மட்டும் குடுக்குது. அதனாலதான் தீர்மானம் ஒரு வருஷம், போர்டு ஒரு வருஷம்னு இழுக்கும். ரோனில் சிங் போர்டு தெறந்தது 2023 செப்டம்பர், அவர் போய் அஞ்சு வருஷம் ஆகப் போற சமயம்.

பேர் வெச்சா ரோடு நம்பர் மாறாது, அட்ரஸ் மாறாது, ஜிபிஎஸ்ஸும் 33ன்னுதான் சொல்லும். ஹைவே, பாலம், இன்டர்சேஞ்ச் எதெதுக்கு யார் யார் பேர்னு கால்ட்ரான்ஸே ஒரு பொஸ்தகம் போடுது, தலகாணி சைஸ்ல. அத பொரட்டினா பாதி கலிஃபோர்னியா யாரோ ஒருத்தர் பேர்லதான் ஓடிட்டிருக்கு.

தக்காளி லாரிக்காரர் கேள்வி நியாயம்தான். ஆனா முழுசா யாருக்குமே இல்லன்னு சொல்ல முடியாது. குடிபோதை ட்ரைவரால செத்தவங்களுக்கு "குடிச்சிட்டு ஓட்டாதீங்க"ன்னு போட்டு கீழ "இன்னார் நினைவாக"ன்னு வெக்கற போர்டு இருக்கு, ஐ-5ல கவனிச்சிருப்பீங்க. அதுக்கும் குடும்பம்தான் காசு கட்டணும்.

---

பழையசோறு எழுதியது:

செத்தவன் வீட்லயே போர்டுக்கு காசு வாங்கறாங்களா?? இது இன்னும் மோசமா இருக்கேய்யா. சரி, வரிப்பணம்னு சொன்னத வாபஸ் வாங்கிக்கறேன்.

---

குளிர்கண்ணாடி எழுதியது:

எல்லாரும் முக்கியமான விஷயத்த விட்டுட்டு போர்டு போல்ட்னு பேசிட்டிருக்கீங்க. சுட்டவன் சட்டவிரோதமா எல்ல தாண்டி வந்தவன், ஏற்கனவே ரெண்டு தடவ குடிபோதைல புடிபட்டவன். உள்ளூர் போலீஸ் குடியேற்ற அதிகாரிங்களோட ஒத்துழைக்கறத கட்டுப்படுத்தற எஸ்பி 54 சட்டத்தத்தான் ஷெரீஃபே பிரஸ்மீட்ல காரணம் சொன்னார். அத விட்டுட்டு போர்டு வெச்சு கண்ணத் தொடச்சா போதுமா?

---

ஓக்லாண்ட்_ஓணான் எழுதியது:

வந்துட்டாருய்யா. அந்த சாவ எலக்‌ஷன் சரக்கா ஆக்கினதே உங்க ஆளுங்கதான், 2019 ஜனவரி 8 டிவில நாட்டு மக்களுக்கு பேசறேன்னு ட்ரம்ப் உக்காந்து சுவர் கட்டறதுக்கு இந்தக் கொலையதான் உதாரணமா காட்டினார். செத்தவரும் ஒரு இமிக்ரண்ட்தான்ங்கறது அந்தப் பேச்சுல எங்கயாச்சும் வந்துச்சா?

---

குளிர்கண்ணாடி எழுதியது:

இமிக்ரண்ட் வேற, சட்டவிரோதம் வேற. நானும் 12 வருஷமா கிரீன் கார்டு க்யூல நிக்கறவன், எனக்கு வித்தியாசம் நல்லாவே தெரியும். சுட்டவன் 2020ல குத்தத்த ஒத்துக்கிட்டு பரோல் இல்லாத ஆயுள் தண்டனைல உள்ள இருக்கான், அதாச்சும் நடந்துச்சு.

---

நெறியாளர் எழுதியது:

ரெண்டு பேரும் நிறுத்துங்க. குடியேற்ற அரசியலுக்கு தனி இழை இருக்கு, அங்க போய் அடிச்சுக்கோங்க. இதுக்கு மேல வந்த ஆறு பதிவ தூக்கிட்டேன்.

---

ஹூஸ்டன்காரன் எழுதியது:

லேட்டா வரேன். எங்க ஊர்லயும் ஒருத்தர் இருக்கார். டெபுட்டி சந்தீப் சிங் தாலிவால், இவர் நெஜ பஞ்சாபி சிங். ஹாரிஸ் கவுன்டி ஷெரீஃப் ஆபீஸ்ல தலப்பாகையும் தாடியுமா யூனிஃபார்ம் போட 2015ல அனுமதி வாங்கின மொத ஆள். 2019 செப்டம்பர் 27, பட்டப்பகல்ல, வழக்கமான ட்ராஃபிக் ஸ்டாப். வண்டிக்காரன்கிட்ட பேசிட்டு தன் வண்டிக்கு திரும்பி நடந்து போய்ட்டிருக்கறப்ப பின்னாடி இருந்து வந்து சுட்டான். 42 வயசு, மூணு கொழந்தைங்க.

அடுத்த வருஷமே பெல்ட்வே 8ல 249க்கும் 290க்கும் நடுவுல இருக்கற துண்டுக்கு அவர் பேர வெச்சுட்டாங்க. நான் தெனம் ஆபீஸ் போற ரூட்டு. டோல் ரோடுங்கறதால, மாசாமாசம் ஸ்டேட்மென்ட் வர்றப்ப "தாலிவால் அண்ணே, இந்த மாசமும் அறுபது டாலர்"னு என் வீட்டுக்காரி கிண்டல் பண்ணுவா. சிரிப்பா இருக்கலாம், ஆனா எங்க வீட்ல அந்தப் பேர் மாசம் ஒரு தடவையாவது வாய்ல வருது. அடிக்ஸ் ஹவல் ரோடு போஸ்ட் ஆபீஸுக்கும் அவர் பேர்தான், அதுக்கு வாஷிங்டன்ல சட்டமே போட்டாங்க.

போர்ட பாத்து எவனும் மாறப் போறதில்லன்னு பழையசோறு சொல்வார். என் அனுபவம் ஒண்ணு. 2021ல என் பையனோட ஸ்கூல் பஸ்ல புதுசா ஒரு சீக்கிய பையன் சேந்தான், தலைல பட்கா, சீக்கியப் பசங்க கட்டற துணி. எவனோ கிண்டல் பண்ண, என் பையன் "பெல்ட்வேல பேர் இருக்கே, அந்த போலீஸ் மாதிரி இவன்"னு சொல்லியிருக்கான். அதுக்கு மேல என்ன ஆச்சுன்னு அவன் சொல்லல, நானும் கேக்கல.

---

சாவகச்சேரியான் எழுதியது:

நான் இஞ்ச ரொறன்ரோவில இருந்து எழுதிறன். ஒன்ராறியோவில இதுக்கெண்டு 2002இலேயே ஒரு சட்டம் கொண்டுவந்தவை. நெடுஞ்சாலையில இருக்கிற பாலங்களுக்கு கடமையில செத்த பொலிஸ்காரரின்ர பேரை வைக்கிறது. ரோட்டை விட பாலத்துக்கு வைக்கிறது நல்லதெண்டு நான் நினைக்கிறன். பாலம் எண்டால் ஒரு இடம், கண்ணுக்கு தெரியும், அதுக்குக் கீழால போகேக்க வாசிக்கலாம்.

401இல ட்ரென்டன் பக்கத்தில இருந்து வாற துண்டுக்கு ஹைவே ஒஃப் ஹீரோஸ் எண்டு பேர், ஆப்கானிஸ்தானில செத்த ஆமிக்காரரின்ர பெட்டியள் அதாலதான் வாறது. அந்த நேரம் பாலங்களில சனம் கொடியோட குளிருக்கை நிக்கும். சனம் முதல் நிண்டது, அரசாங்கம் பேர் வைச்சது பிறகுதான். நான் ஒருக்கா வேலைக்குப் போகேக்க அந்த வாகனத் தொடரைக் கண்டு ஓரத்தில நிப்பாட்டினனான். யூனிபோமைக் கண்டால் பயந்து வளர்ந்த ஆள் நான், அண்டைக்கு ஏன் நிப்பாட்டினன் எண்டு இண்டைக்கும் யோசிக்கிறன்.

---

மார்த்தாண்டம்_மச்சான் எழுதியது:

@சாவகச்சேரியான் கடைசி வரி என்னமோ பண்ணுது அண்ணா.

எங்க ஊர் கத ஒண்ணு. களியக்காவிளை செக்போஸ்ட்ல 2020 ஜனவரி 8 ராத்திரி எஸ்எஸ்ஐ வில்சன சுட்டாங்கல்லா, ஞாபகம் இருக்கும். லீவுக்கு ஊருக்குப் போனா திருவனந்தபுரம் ஏர்போர்ட்ல எறங்கி அந்த வழியாத்தான் வீட்டுக்குப் போவோம். அப்பா ஒவ்வொரு தடவையும் கண்ணாடிய எறக்கி "இங்கனதான் வில்சன் சார சுட்டது"ன்னு சொல்லுவாரு. போன தடவ தம்பி மவன், ஆறு வயசு, அப்பாவுக்கு முன்னாடியே சொல்லிட்டான். அங்க போர்டு வேலைய அப்பா பாத்துக்கிடுதாரு. அப்பாவுக்கு அப்பறம்னு நெனச்சாத்தான் இடிக்குது.

---

பழையசோறு எழுதியது:

மச்சான் இப்படி ஒண்ண போட்டுட்டு போனா நான் என்னத்த எதுத்து எழுதறது.

சரி ஒண்ணு மட்டும் கேக்கறேன், கிண்டல் இல்ல. அந்த நியூமேன் குடும்பத்துக்கு பணமா என்ன கெடச்சுது?

---

வெள்ளைக்கோடு எழுதியது:

டூட்டில செத்த போலீஸ்காரர் குடும்பத்துக்கு மத்திய அரசுல ஒரு தொகை உண்டு, 1976ல இருந்தே சட்டம் இருக்கு. அது போக இவங்க வீட்டுக் கடன அடைக்க டன்னல் டு டவர்ஸ் அறக்கட்டளை முன்வந்துச்சு, 9/11ல செத்த நியூயார்க் ஃபயர்மேன் ஒருத்தர் குடும்பம் ஆரம்பிச்சது. அதாவது போர்ட மட்டும் குடுத்து அனுப்பிடல.

---

மொடெஸ்டோ_அக்கா எழுதியது:

காசு கத போதும், அந்த போர்டு தெறந்த அன்னிக்கு நடந்தது ஒண்ணு சொல்றேன், லோக்கல் நியூஸ்ல வந்துச்சு. அந்த 5 மாசக் கொழந்தைக்கு அப்ப 5 வயசு. போர்ட நடறதுக்கு முன்னாடி பின்பக்கத்துல "லவ் யூ பப்பா"ன்னு எழுதியிருக்கான். அவன் அப்பாவ அவனுக்கு ஃபோட்டோலதான் தெரியும். இருந்தாலும் எழுத ஒரு எடம் கெடச்சுதுல்ல. ரோடுன்னா என்ன, தகரம்னா என்ன.

---

கடலைமிட்டாய் எழுதியது:

அக்கா ஆபீஸ்ல உக்காந்து படிச்சிட்டிருக்கேன்...

---

குளிர்கண்ணாடி எழுதியது:

நெறியாளர் திட்டினதுக்கு அப்பறம் அமைதியாத்தான் படிச்சிட்டிருந்தேன். ஒரே ஒரு நடைமுறை விஷயம். ரோனில் சிங், தாலிவால் ரெண்டு பேரும் செத்தது வண்டிய நிறுத்தப் போன எடத்துல. போலீஸ் வண்டி லைட்டு போட்டு ஓரமா நின்னா பக்கத்து லேனுக்கு மாறணும், முடியலன்னா வேகத்த கொறைக்கணும், இது இங்க ரொம்ப நாளா சட்டம். 2026 ஜனவரில இருந்து ஹசார்டு லைட் போட்டு நிக்கற எந்த வண்டியா இருந்தாலும் அப்படித்தான். ஐ-5ல நம்மாளுங்க எத்தன பேர் செய்றோம்? குண்டுக்கு இது தடுப்பில்ல, தெரியும். அந்த ஓரத்துல நிக்கறவனுக்கு ரெண்டு பக்கமும் பயம், அதச் சொல்றேன்.

---

ஓக்லாண்ட்_ஓணான் எழுதியது:

குளிர்கண்ணாடி, இதுல மட்டும் உங்க கட்சி நான். தேதி குறிச்சு வெச்சுக்கறேன்.

---

டப்ளின்வாசி எழுதியது:

இழை இவ்ளோ தூரம் போகும்னு நெனைக்கல. எல்லாருக்கும் நன்றி, அக்காவுக்கு தனியா.

ஞாயித்துக்கெழம திரும்பி வர்றப்ப ஐ-5 காலியாத்தான் இருந்துச்சு. இருந்தாலும் சான்டா நெல்லால எறங்கி 33ஐ புடிச்சேன், வீட்டம்மா ஒரு பார்வ பாத்தாங்க, ஒண்ணும் சொல்லல. கஸ்டீன் தாண்டி நியூமேன் வர்றப்பவே இருட்டு, போதாக்கொறைக்கு தரையோட பனி எறங்க ஆரம்பிச்சிருச்சு. ஊருக்குள்ள மெதுவாத்தான் போக முடியும், ரயில் தண்டவாளம் கூடவே வரும், சின்னச் சின்னக் கடைங்க, ஒரு டாக்கோ கடை மட்டும் தெறந்திருந்துச்சு. சாப்ட்டோம், நல்லாருந்துச்சு, சல்சா செம காரம்.

அப்பறம் ஸ்டூர் ரோடு திருப்பத்துல பொண்ணு கண்ணாடில மூக்க ஒட்ட வெச்சுட்டு போர்டோட பின்பக்கத்த தேடினா. நான் வழியிலயே அவகிட்ட அந்த எழுத்து பத்தி சொல்லியிருந்தேன், அது தப்பாப் போச்சு. பனில போர்டே ஒரு நெழலாத்தான் தெரிஞ்சுது. பின்னாடி ஒரு பிக்கப் ஒட்டிக்கிட்டே வந்தான், நிறுத்த முடியல. "பகல்ல வரலாம்பா"ன்னு சொன்னா. மார்ச்ல ஸ்ப்ரிங் பிரேக், அப்ப மாலிபு கோயிலுக்கு போற ப்ளான் இருக்கு, பாக்கலாம்.

---

பழையசோறு எழுதியது:

அந்த டாக்கோ கடை பேர் என்னண்ணே? அடுத்த மாசம் நானும் அந்தப் பக்கம் போறேன்.